தையல்காரியின் கால்கள்

எனக்கு முதன்முதலில் கிடைத்த அழுத்தக் காலுறை ஒரு அட்டைப் பெட்டிக்குள் பொலித்தீன் உறையில் இருந்தது. வடமேற்கு லண்டனில் ஒரு சிகிச்சை நிலையம், பின்னேரம் நாலு மணி. நேர்ஸ் என் கணுக்காலை ஒரு தடவை அளந்தார், கெண்டைக்காலை ஒரு தடவை அளந்தார். பிறகு பெட்டியின் பின்பக்கத்து அட்டவணையைப் பார்த்தார். கணுக்கால் நடுத்தர அளவுக்குள் அடங்கியது. கெண்டைக்கால் அந்த அட்டவணையிலேயே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இருந்ததிலேயே பெரியதை எடுத்துக் கையில் தந்தார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். கணுக்காலில் தொளதொளவென்று சுருங்கி நின்றது. முழங்காலின் பின்மடிப்பிலே கயிறு கட்டினது போல் வெட்டியது. மேல் விளிம்பு சுருண்டு கீழே இறங்கி, இரண்டு மடிப்பாகி, இறங்கிய இடத்தில் இன்னும் இறுக்கியது. அப்போது நான் முப்பது வருடத்துக்கு மேல் தையல் தைத்தவள். ஒரு உடுப்பு ஆளுக்குப் பொருந்தவில்லை என்று எனக்கு இன்னொருவர் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் அடுத்த முறை போனபோது, எப்படி இருக்கிறது என்று நேர்ஸ் கேட்க, "ஃபைன், தாங்க்யூ" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கு மூன்று வருடம் விலை கொடுத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். காசில்லாமல் தருகிறார்கள், அதிலும் குறை சொல்வதா என்ற எண்ணம் ஒன்று. வந்த நாட்டில் வாயாடி என்று பேர் எடுக்கக்கூடாது என்ற பயம் இன்னொன்று. ஆனால் உண்மைக் காரணம் இரண்டுமில்லை. குறை சொன்னால் திரும்பவும் சேலையைத் தூக்கிக் காலைக் காட்ட வேண்டும். என் கால்களை நான் கண்ணாடியிலேயே பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு மாமியிடம் தையல் பழகினேன். அவ முதல் மாதம் முழுக்க என்னை மெசினில் கால் வைக்க விடவில்லை. வருகிறவர்களோடு கதை, கேள், எழுது என்று ஒரு கொப்பியைத் தந்துவிட்டா. சாறிச் சட்டை தைக்க வந்தவளிடம் நெஞ்சுச் சுற்று கேட்பதற்கு முதல், கைக்குழந்தை இருக்கிறதா, பால் கொடுக்கிறாளா, வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற ரீச்சரா, கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவளா என்று கேட்க வேண்டும். கையைத் தூக்குகிறவளுக்குக் கைவெட்டு வேறு மாதிரி வெட்ட வேண்டும். நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவ சொல்லுவா: "பிள்ளை, துணி உடம்புக்கில்லை, அவள் செய்யிற வேலைக்கு." அந்தப் பாடத்தை ஆயிரம் பேரின் சட்டைக்குக் கடைப்பிடித்தேன். என் காலுக்கு ஒருவர் இரண்டே இரண்டு அளவெடுத்தபோது மட்டும் மறந்துபோனேன்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கால் புதிதில்லை. அம்மம்மாவுக்கு இருந்தது, பெரியம்மாவுக்கு இருந்தது. இடுப்புக்கு மேலே ஒல்லி, கீழே தூண். எனக்குப் பதின்மூன்று வயதில் தொடங்கியது, முதல் பிள்ளைக்குப் பிறகு கூடியது, மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் கூடியது. தொட்டால் நோகும். மேசை விளிம்பு பட்டால் போதும், மறுநாள் நீலம் பூத்திருக்கும். ஊரில் பெரியம்மாவை ஆனைக்கால்காரி என்றார்கள். அது தவறு. ஆனைக்கால் நுளம்பு கொண்டுவருகிற புழுவால் வருவது. பெரும்பாலும் ஒரு காலில்தான் அதிகம் தெரியும், பாதமும் சேர்ந்து வீங்கும். அந்த நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. பெரியம்மாவின் இரண்டு காலும் ஒரே மாதிரி, ஆனால் பாதம் மட்டும் சின்னப்பிள்ளையின் பாதம் போல் மெலிந்திருக்கும். கணுக்காலில் காப்புப் போட்டது போல் ஒரு மடிப்பு நிற்கும். அந்த மடிப்புத்தான் அடையாளம் என்று எனக்குத் தெரியவந்தபோது பெரியம்மா செத்து இருபது வருடம்.

பேர் லிப்பிடீமா. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு, கால்களிலும் இடுப்பிலும், சிலருக்குக் கைகளிலும், இரண்டு பக்கமும் ஒத்த விதமாகச் சேருகிற நோய். ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அலன், ஹைன்ஸ் என்ற இரண்டு டொக்டர்மார் 1940இல் இதற்குப் பேர் வைத்தார்கள். 1951இல் 119 பேரைப் பற்றி விரிவாகவும் எழுதினார்கள். நான் பிறப்பதற்கு முன்னமே பேர் இருந்திருக்கிறது. எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை. மூன்று டொக்டர்மார் மெலியச் சொன்னார்கள். மெலிந்தேன். முகம் ஒட்டியது, என் சட்டையை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன், பாவாடைக் கயிறு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. மேலுக்கு ஓர் அளவு, கீழுக்கு அதைவிட மூன்று அளவு கூட என்றால், தையல்காரிக்கே அது சாப்பாட்டுக் கணக்கில்லை என்று விளங்கவேண்டும். எனக்கும் விளங்கவில்லை, அவர்களுக்கும் விளங்கவில்லை.

கடைசியில் ஒரு டொக்டர் என் இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்து மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் சுலபமாக மேலெழும்பியது. நிணநீர் தேங்கிய வீக்கமென்றால் அப்படிக் கிள்ள வராதாம். ஒரு நிமிட வேலை. அதற்கு நான் அறுபது வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனிக் காலுறைக்கு வருகிறேன். ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னைப்போல் ஏமாறுவீர்கள்: அழுத்தக் காலுறை இந்தக் கொழுப்பைக் கரைக்காது. வலியைக் குறைக்கும், பாரத்தைத் தாங்கும், பின்னேரத்து வீக்கத்தைக் கட்டும், படியேறும்போது தொடை ஆடாமல் பிடிக்கும். அவ்வளவுதான். அது சின்ன விஷயமில்லை. ஆனால் நூலிலும் அளவிலும் பிழை நடந்தால் இந்த நன்மை ஒன்றும் கிடைக்காது, உபத்திரவம் மட்டும் மிஞ்சும்.

நூல் என்று ஏன் சொல்கிறேனென்றால், இந்தக் காலுறைகள் இரண்டு விதமாகப் பின்னப்படுகின்றன. ஒன்று வட்டப் பின்னல். மெசினில் குழாய் போல் சுற்றிச் சுற்றி வரும், தையல் இராது, மெல்லியது, பார்வைக்கு அழகு. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். நூலை இழுத்தும் தளர்த்தியும்தான் வடிவம் கொண்டுவர வேண்டும், அதற்கு ஓர் எல்லை உண்டு. மற்றது தட்டைப் பின்னல். துண்டாகப் பின்னும்போதே கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் காலின் வடிவத்தைக் கொண்டுவந்து, பிறகு பின்பக்கம் தைத்து மூடுவார்கள். தடிப்பு, முரடு, தையல் தெரியும். என் கால் போன்ற காலுக்கு இதுதான் வேண்டும். மெல்லிய வட்டப் பின்னல் சதை மடிப்புக்குள் இறங்கிக் கயிறாகிவிடும். தட்டைப் பின்னல் மடிப்பின் மேலே பலகை போட்டது போல் கடந்துபோகும். அழகை விட்டால்தான் சுகம் என்பது, ஒரு தையல்காரியாக, எனக்கு விழுங்கக் கஷ்டமான மருந்து.

இழுவைக்கும் ஒரு கணக்கிருக்கிறது. ஒரே இழுவையில் ஒரு துணியை மெல்லிய தடியிலும் தடித்த தடியிலும் சுற்றினால், மெல்லியதில்தான் அழுத்தம் கூட விழும். லப்பிளாஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்குகிற விதி இது. கணுக்கால் ஒடுங்கி உடனே கெண்டை பருத்து நிற்கிற காலில், பெட்டிக் காலுறை எங்கே இறுக்கும், எங்கே கைவிடும் என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். விளிம்பு சுருண்டு இரண்டு மடிப்பானால் அந்த இடத்து அழுத்தமும் ஏறும். நீளம் கூடிவிட்டது என்று மேலே மடித்துவிடுகிற அக்காமார் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு இந்த 'கிளாஸ்' விவகாரம். கணுக்காலில் எவ்வளவு அழுத்தம் என்பதை இரத்த அழுத்தம் போலவே பாதரச மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். பிரித்தானியக் கணக்கில் முதலாம் கிளாஸ் 14 முதல் 17, இரண்டாம் கிளாஸ் 18 முதல் 24, மூன்றாம் கிளாஸ் 25 முதல் 35. ஜெர்மன் கணக்கில் முதலாம் கிளாஸே 18 முதல் 21, இரண்டாவது 23 முதல் 32, மூன்றாவது 34 முதல் 46. ஆகவே மருந்துச்சீட்டில் வெறுமனே 'கிளாஸ் இரண்டு' என்று எழுதினால் அது அரைகுறைச் சொல். எந்த நாட்டுக் கணக்கு என்றும் எழுத வேண்டும். ஊரில் முழம் என்றால் யாருடைய முழம் என்று கேட்போமே, அது போல.

சீட்டில் ஒரு சொல் விடுபடுவது எனக்கு ஒரு தடவை நடந்தது. அளவெல்லாம் ஒழுங்காக எடுத்து அனுப்பியிருந்தார்கள். நடுவில் யாரோ சீட்டை மாற்றி எழுதியபோது 'தட்டைப் பின்னல்' என்ற சொல் விழுந்துவிட்டது. மருந்துக்கடையில் இருந்து வட்டப் பின்னல் வந்தது. யாரைக் குறை சொல்வது? கடைக்காரர் சீட்டில் இருந்ததைத்தான் தந்தார். பின்னியவர்களும் ஓடருக்குத்தான் பின்னினார்கள். ஆறு கிழமை போய்விட்டது. அன்றிலிருந்து சீட்டை வாங்கியவுடன் அங்கேயே நின்று வாசிக்கிறேன்: என்ன பின்னல், அளவுக்குச் செய்வதா பெட்டியில் இருப்பதா, எந்தக் கிளாஸ், விரல் திறந்ததா மூடியதா, முழங்கால் வரையா இடுப்பு வரையா, என்ன நிறம், எத்தனை சோடி. எழுதாமல் விட்ட ஒவ்வொன்றையும் வேறு யாரோ ஊகிக்க வேண்டி வரும்.

எனக்குச் சரியான காலுறை தந்தவர் ஒரு இளம் பெண், என் மகளைவிட வயது குறைந்தவர். என்னைப் பார்த்ததும் நாடாவை எடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். எந்த நேரத்தில் கூட நோகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், கை விரல்கள் மடங்குமா, நிலத்தில் இருந்து எழும்புகிற வேலை உண்டா, கழிப்பறைக்கு எத்தனை தடவை போகிறீர்கள் என்று கேட்டார். கோயிலில் சப்பாணி கட்டி இருப்பேன் என்றேன். சப்பாணி என்றால் என்ன என்று கேட்டார். இருந்து காட்டினேன். அவர் என் முழங்காலின் பின்பக்கத்தைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். திருநெல்வேலி மாமி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தா. கண் கலங்கியது, வலியால் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு காலுக்கு இரத்த ஓட்டம் போதுமா என்று கருவி வைத்துப் பார்த்தார். இது தட்டிக்கழிக்க முடியாத சோதனை. நாடி குறைந்த காலை இறுக்கினால் கால் போய்விடவும் கூடும். எங்கள் ஆட்களில் சீனி வருத்தம் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் இறுக்குவதுகூடத் தெரியாது. அளவெடுக்க அடுத்த நாள் காலை எட்டரைக்கு வரச்சொன்னார், வீக்கம் ஏறமுன். ஒரு காலுக்கு எட்டுச் சுற்று: பாதம், கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டை தொடங்கும் இடம், கெண்டையின் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழ், முழங்கால் நடு, தொடை நடு, தொடை மேல். பிறகு இடுப்புப் பக்கம் இரண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் நிலத்தில் இருந்து உயரம். பேனாவால் தோலில் புள்ளி வைத்து, வலது கால் முடிந்ததும் இடது காலையும் முதலில் இருந்து அளந்தார். ஒரு கால் மற்றதைப் போல என்று அவர் நினைக்கவில்லை. நாடாவை இழுக்கும்போது நோகிறதா என்று கேட்டுக் கேட்டு இழுத்தார். தளர விட்டால் உறை வழுகும், கூட இழுத்தால் போடமுடியாது. அந்த விரலின் பதத்தை எந்தப் புத்தகமும் தராது, எனக்குத் தெரியும்.

இடுப்பு வரை ஒரே உடுப்பாகத் தரத்தான் அவர் முதலில் நினைத்தாராம். என் விரல்களைப் பார்த்துவிட்டு மனதை மாற்றினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சோடி, இடுப்பில் இருந்து முழங்காலுக்குக் கீழ்வரை ஒரு அரைக் காற்சட்டை. இரண்டு துண்டென்றால் நானே போடலாம், அவசரத்துக்குக் கழற்றலாம். முழங்கால் மடிப்புக்கு மென்மையான உள்துணி வைக்கச் சொன்னார், சப்பாணிக்காக. கிளாஸையும் ஒரு படி குறைத்தார். ஒவ்வொரு நாளும் போடுகிற சின்ன அழுத்தம், அலுமாரிக்குள் மடித்து வைத்த பெரிய அழுத்தத்தைவிட மேல் என்றார். வந்த உடுப்பைப் பார்சலில் அனுப்பாமல் தன் முன்னால் போட்டு, நடந்து, இருந்து, எழும்பிக் காட்டச் சொன்னார். இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வரச்சொன்னார். எந்தத் தையல்காரி முதல் பொருத்தம் பார்க்காமல் சட்டையைக் கட்டிக் கொடுப்பாள்?

பிரித்தானியாவில் இதையெல்லாம் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். 2017இல் லிப்பிடீமாவுக்கான சிறந்த நடைமுறை வழிகாட்டி ஒன்று வந்தது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற சத்திரசிகிச்சையை ஆராய்ச்சிக்குள் மட்டும் செய்யுங்கள் என்று, சிகிச்சைகளுக்கு வழிகாட்டுகிற நைஸ் (NICE) அமைப்பு 2022இல் சொல்லிவிட்டது. ஆகவே எங்கள் பலருக்கு நாள் முழுக்கக் கூட வருவது இந்தத் துணிதான். வழிகாட்டி இருக்கிறது, கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிற ஆளுக்கு நேரம் கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இருபது நிமிடத்தில் இரண்டு காலும் கதையும் முடியாது.

போடுவதற்கும் ஒரு கை வேண்டும். விடிய, கட்டிலை விட்டு இறங்கினவுடன் போட வேண்டும். நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, குதி வரை உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாதத்தில் ஏற்றி, பிறகு உள்ளங்கையால் தடவித் தடவி மேலே கொண்டுபோக வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது, கண்ணி விட்டுப்போகும். கிரீம் இரவில்தான். ஒன்றைத் தோய்க்க ஒன்றைப் போட இரண்டு சோடி வேண்டும், தோய்த்தால்தான் நூல் தன் இழுவைக்குத் திரும்பும். ஆனால் துணியை மென்மையாக்குகிற திரவம் ஊற்றக்கூடாது. விரல் மரத்தால், நீலம் பூத்தால், உடனே கழற்ற வேண்டும். பழகிவிடும் என்று இருக்கக்கூடாது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் நூல் சோர்ந்துவிடும், புதிதாக அளந்து புதிதாக வாங்க வேண்டும். என் மனுசன் முதலில் சிரித்தவர், பிறகு தன் கையால் கையுறை மாட்டிக்கொண்டு ஏற்றிவிடப் பழகினார். அவர் போன பிறகுதான் இரண்டு துண்டின் அருமை தெரிந்தது.

பெரியம்மாவுக்கு இந்த உடுப்பு ஒன்றும் இருக்கவில்லை. அவவுக்குக் கீரிமலை இருந்தது. ஆடி அமாவாசைக்கு எல்லோரும் முழுகிவிட்டுக் கரையேற, அவ மட்டும் பெண்கள் கேணியில் நெஞ்சளவு தண்ணீரில் அசையாமல் நிற்பா. "ஏறச் சொல்லாதையுங்கோ, இஞ்சைதான் என்ர கால் எனக்கு நோகேல்லை" என்பா. நாங்கள் பக்தி என்று நினைத்தோம். பிறகு வாசித்தேன்: ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டொலீடோ நகரில் இருந்த கொன்ராட் ஜோப்ஸ்ட் என்ற எஞ்சினியருக்கு நாள நோயால் கால் புண். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் ஆறுவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது, பாதத்தில் அதிகம், மேலே குறைவு. அதே மாதிரி ஒரு காலுறை செய்தாலென்ன என்று யோசித்து, 1950ஆம் ஆண்டளவில் செய்தும் காட்டினார். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 73 மில்லிமீட்டர், நான் போடுகிற எந்த உறையையும் விடக் கூட. ஆனாலும் நோகாது, ஏனென்றால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தொடுகிறது, ஒரு மடிப்பையும் விடுவதில்லை. பெரியம்மா நின்ற இடமும் ஜோப்ஸ்ட் நின்ற இடமும் ஒன்றுதான். அவர் சொன்னதைக் கேட்க ஆளிருந்தது.

போன மாதம் என் பேத்தியோடு போனேன். இருபது வயது, எங்கள் வீட்டுக் கால். அவளுக்கு வந்த முதல் உடுப்பு, கறுப்பு நிறம், தோல் நிறம் வேண்டவே வேண்டாம் என்று சண்டை பிடித்து எழுதுவித்தது. வலது கால் அச்சாய்ப் பொருந்தியது. இடது முழங்காலின் பின்னால் துணி ஒரு கோடாக மடிந்ததைக் கதவடியிலிருந்தே கண்டேன். வாயைத் திறந்தேன்.

"அம்மம்மா, பொறுங்கோ" என்றாள். பிறகு அளவெடுத்தவரைப் பார்த்து, இருக்கும்போது இந்த இடம் வெட்டுகிறது, நிற்கும்போது இல்லை, இதை இப்படியே கொண்டுபோக மாட்டேன் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். அவரும் முகம் கோணவில்லை. இருக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, உறையை இறக்கிப் புள்ளி வைத்துத் திரும்ப அளந்தார். திருத்தி வர மூன்று கிழமை ஆகும் என்றார். சரி என்றாள்.

பஸ்ஸில் வரும்போது என் சேலை விளிம்பைக் கொஞ்சம் தூக்கி, காலுறையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். அது திரும்பிப் போகாமல் அப்படியே நின்றது.

"உங்கட எத்தனை மாசம்?"

பதினொரு மாதம். பொய் சொல்ல முடியவில்லை, சொன்னேன். நாளைக்குக் கோல் எடுக்கிறேன் என்றேன்.

"அவை அஞ்சு மணிக்குத்தான் பூட்டுவினம். இப்ப நாலரை" என்று நம்பரை அழுத்தி, போனை என் கையில் வைத்தாள்.